கெண்டைக்கறி வெந்துகொண்டிருந்த நாட்கள்

வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள், கேட்டதைச் செய்து கொடுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்ட அன்று ஏகாம்பரம் கெண்டைக்கறி கேட்டான், அந்தக் கெண்டைக்கறி நூற்றுப் பன்னிரண்டு நாள் அடுப்பில் இருந்தது, அந்த நூற்றுப் பன்னிரண்டு நாளும் அவன் சாகவில்லை. பாலாற்றுக்கு வடகரையில் பழைய தோல்ஷாப் தெருவில் போய் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்டால் எந்தக் குரலில் பதில் சொல்வார்களோ அதே குரலில்தான் இதையும் சொல்வார்கள். நம்பும்படி இல்லையே என்று நீங்கள் முகத்தைச் சுளித்தால், நாங்கள்தானே விறகு கொடுத்தோம் என்பார்கள்.

கேட்டதைச் செய்து கொடுங்கள் என்று டாக்டர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. ஏகாம்பரத்தின் மனைவி தேசம்மாவுக்கும் தெரியும். வயிற்றில் இருந்த கட்டி கல்லீரல் வரைக்கும் போய்விட்டது, இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் என்று நர்ஸம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அவள் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவளைப் போல வெளியே வந்து, புருஷனை ஆட்டோவில் ஏற்றி, அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இருவருக்கும் பிள்ளை இல்லை. அவனை விட்டால் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட இந்த உலகத்தில் ஆள் இல்லை.

உனக்கு என்ன வேணும் என்று ஆட்டோவில்தான் கேட்டாள். வண்டி பாலாற்றுப் பாலத்தில் ஏறி, மணல் முடிந்து, பாலம் இறங்கும்வரை அவன் யோசித்துக்கொண்டே வந்தான்.

"கெண்டைக்கறி ஆக்கும்மே. நல்லா வேவ வெச்சி. நாக்குல வெச்சா கரையணும்," என்றான்.

இருபது வருஷம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தள்ளுவண்டி போட்டு மாட்டுக்கறி வறுவலும் சூப்பும் விற்றவன் ஏகாம்பரம். வண்டிக்கு அவன் வாங்குவது தொடைக்கறி, நெஞ்சுக்கறி. கெண்டை என்பது மாட்டின் பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழே ஜவ்வும் நரம்புமாகச் சுருண்டு கிடக்கும் கறி, மாடு இருந்த நாள் முழுக்க நடந்து நடந்து இறுகிப்போன கறி, யாரும் விரும்பி வாங்காத கறி, அதனாலேயே விலை குறைந்த கறி. கல்யாணமான புதிதில், வண்டி வாங்குவதற்கு முன்னால், அவர்களுக்கு அதுதான் கட்டுப்படியானது. காலையில் அடுப்பில் வைத்தால் சாயங்காலம்தான் வேகும். அதுவரைக்கும் இரண்டு பேரும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெந்ததா வெந்ததா என்று ஆளுக்கொரு துண்டு எடுத்துக் கடித்துப் பார்த்தே பாதியைத் தீர்த்துவிடுவார்கள். கடைசிவரை அதை முழுதாக வேகவிட்டுச் சாப்பிட்டதே இல்லை என்பது ஏகாம்பரத்துக்கு அந்தப் பாலத்தின்மேல்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அவனைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுத் தேசம்மா நேராகக் கவுஸ் பாய் கடைக்குப் போனாள். ஏகாம்பரத்துக்கு வண்டி போட்ட நாளிலிருந்து கறி கொடுத்தவர் கவுஸ் பாய். அவள் முகத்தைப் பார்த்ததுமே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஏர் ஓட்டின கெழட்டு மாடு தங்கச்சி. சீக்கிரத்துல வேவாது. எளங்கறி எதுனா தரட்டா?"

சீக்கிரத்தில் வேகாது என்ற அந்த இரண்டு வார்த்தை தேசம்மாவின் காதில் விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இல்லை பாய், அவர் கெண்டைதான் கேட்டார், இதையே கொடுங்கள் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நடக்கும்போது அவளுக்குத் தன் தாய்மாமன் செத்த கதை நினைவுக்கு வந்தது. மாமன் மூச்சு இழுத்துக்கொண்டு பதினோரு நாள் கிடந்தார். கண் மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. உயிர் எதிலோ மாட்டிக்கொண்டிருக்கிறது, என்ன ஆசை என்று பாருங்கள் என்றார்கள் பெரியவர்கள். ஏரிக்கரையில் அவருக்கு இருந்து கைவிட்டுப்போன அரைக்காணி நிலத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரைச் சங்கால் வாயில் ஊற்றினார்கள். மூன்றாவது சங்குக்கு முன்னால் மாமன் போய்விட்டார். எல்லாருக்கும் தெரிந்த முறைதான் அது. ஆசையைக் கொடுத்துவிட்டால் உயிர் நிம்மதியாகப் போய்விடும். கொடுத்தால் போய்விடும் என்றால் கொடுக்காதவரைக்கும் போகாது என்பதுதானே கணக்கு என்று கவுஸ் பாய் கடைக்கும் தன் வீட்டுக்கும் நடுவே இருக்கும் முந்நூறு தப்படியில் தேசம்மா யோசித்து முடித்துவிட்டாள். அதற்காகத் தர முடியாது என்று ஒரேயடியாகச் சொல்லவும் கூடாது, அப்படிச் சொன்னால் மனசு விட்டுப்போய் உயிரும் விட்டுப்போகும். கறி அடுப்பில் இருக்க வேண்டும். வாசம் வர வேண்டும். இதோ ஆகிவிடும் என்று இருக்க வேண்டும்.

பின்கட்டில் மூன்று கல் கூட்டி, மண்சட்டியை ஏற்றி, இஞ்சியும் பூண்டும் மஞ்சளும் உரித்த சின்ன வெங்காயமும் போட்டு, கறியை நாற்பது துண்டாக அரிந்து சேர்த்து, ஒரு கீற்றுப் பப்பாளிக்காயையும் போட்டாள். சட்டியை மூட ஒரு குழிந்த தட்டு, அந்தத் தட்டில் நிறையத் தண்ணீர். உள்ளே நீர் வற்றினால் தட்டில் சூடேறிக் கிடக்கும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்பது ஏகாம்பரம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். கொதிக்கிற கறியில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் கறி விறைத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு எரித்தாலும் முதலிலிருந்துதான். அந்தத் தெருவில் ஒரு புதுமருமகள் அப்படிச் செய்துவிட்டால் அவள் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்வரை அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

நாலு மணி சுமாருக்குத் தேசம்மா ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். ஜவ்வு கண்ணாடி மாதிரி ஆகி, கறி விரலுக்கு இடம் கொடுக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் அரைமணி நேரம் போதும்.

உள்ளே இருந்து வெந்துவிட்டதா என்று ஏகாம்பரம் கேட்டான்.

தேசம்மா குடத்திலிருந்து ஒரு செம்பு பச்சைத்தண்ணீரை மொண்டு சட்டியில் ஊற்றினாள். கொதி அடங்கியது. விரலால் அழுத்தினாள். கறி கல்லாகியிருந்தது.

"இன்னும் வேவல," என்றாள்.

இரண்டு நாள் ஆனது, மூன்று நாள் ஆனது, கெடு முடிந்தது. கடைசியாக முகம் பார்த்துவிட்டுப் போக வந்த சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். குடியாத்தத்திலிருந்து வந்த ஏகாம்பரத்தின் அக்கா, முறைப்படி தம்பிக்குப் போர்த்த வேண்டிய கோடித்துணியைப் பையின் அடியில் மறைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஆறாம் நாள், யாரும் பார்க்காதபோது அதை மறுபடி மடித்து வைத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினாள். இருபதாம் நாள் அதே பையோடு வந்தாள், மறுபடி எடுத்துப் போனாள். மூன்றாம் தடவை வந்தபோது பையில் தம்பிக்கு உடுத்திக்கொள்ள ஒரு கைலியும் இருந்தது.

அதற்குள் தெருவே இதைப் பழகிக்கொண்டுவிட்டது. கறி கரையவில்லை, கெடவில்லை, நாற்பது துண்டும் நாற்பதாகவே இருந்தன, ஒவ்வொரு நாளும் சாயங்காலம் வேகப்போகிற நிலைக்கு வந்து ஒவ்வொரு நாளும் விறைத்துக்கொண்டது. முதல் வாரம் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் விறகைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் போகும்போது ஆளுக்கு ஒரு சுள்ளியைத் தேசம்மாவின் பின்வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டியலில் போடுவது போல, நின்றுகூடப் பார்க்காமல். அந்தக் கறியின் வாசம் மூன்று தெருவுக்கு அடித்தது. சாப்பாட்டு நேரத்தில் சிலர் வெறும் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு தேசம்மாவின் பின்சுவர் ஓரமாக உட்கார்ந்து, வாசத்தைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்ததாகத்தான் சொன்னார்கள். கவுஸ் பாயிடம் வந்து அந்த மாடு எந்த ஊர் மாடு, அதே மாட்டின் கறி இன்னும் இருக்குமா என்று நச்சரித்தார்கள். அது ஏதோ ஒரு கிழட்டு மாடு, மற்ற மூன்று காலையும் அன்றைக்கே விற்றுவிட்டேன், அதையெல்லாம் வாங்கினவர்கள் அன்றைக்கே சாப்பிட்டுவிட்டார்கள் என்று பாய் அலுத்துப்போய்ச் சொன்னார். சுகாதார ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து சட்டியைத் திறந்து பார்த்து, கொதித்துக்கொண்டிருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார். அதற்குமேல் எழுத அவருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

செம்புத் தண்ணீர் விஷயம் முதலில் தேசம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த வீட்டுச் சரோஜாவுக்கு இருபத்தைந்தாம் நாள் தெரிந்தது. சரோஜாவின் புருஷனை அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த மனுஷன் கேட்டது பால்கொழுக்கட்டை. சரோஜா ஒரு சின்னச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தேசம்மாவின் அடுப்புக்கு எதிரே வந்து நின்றாள். தேசம்மா தன் கல்லுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கல் வைத்தாள். ஆகப்போகிற நேரத்தில் ஒரு செம்பு பச்சைத்தண்ணீர், அவ்வளவுதான் என்று காதோடு சொன்னாள். கறிக்குப் பலிப்பது கொழுக்கட்டைக்கும் பலிக்குமா என்று சரோஜா கேட்கவில்லை. பலித்தது.

அப்புறம் வரிசையாக வந்தார்கள். ஒருத்தர் வீட்டில் வெல்லம் போட்ட பச்சரிசிப் பொங்கல், ஒருத்தர் வீட்டில் ஆட்டுக்குடல், கிட்னி இரண்டும் போய்ப் படுத்திருந்த வாத்தியாருக்கு முருங்கைக்கீரைக் கூட்டு. இரண்டாவது மாதம் முடிவதற்குள் பதினோரு சட்டி அந்தப் பின்கட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. பதினோரு பேர் பதினோரு வீட்டில் வெந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள். தெருவில் யாரும் சாகவில்லை. பூக்கடைக்காரர் மாலை கட்டுவதை விட்டுவிட்டு முழம் போட்டு விற்றார். சாவுக்கு மேளம் அடிக்கும் பச்சையப்பன் மேளத்தைச் சுவரில் மாட்டிவிட்டுச் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனான். பார்க்கும்போதெல்லாம், என் பொழப்புல கறி ஊத்திட்டீங்களே அண்ணி என்று தேசம்மாவைக் கேலி செய்வான். மூன்றாவது மாதம் அவனே ஒரு சட்டியோடு வந்து நின்றான். அவன் மனைவி குணவதிக்கு ரத்தத்தில் ஏதோ வியாதி, அவள் கேட்டது கருவாட்டுக்குழம்பு. தேசம்மா அவனுக்கும் கல் கூட்டிக் கொடுத்தாள். அன்றைக்குப் பச்சையப்பன் கேலி எதுவும் பேசவில்லை.

சாகாமல் இருப்பது என்றால் பிழைத்திருப்பது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். தேசம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். முதல் மாதம் அவள் சந்தோஷமாகக்கூட இருந்தாள், அதை இப்போது சொல்ல அவளுக்கு வெட்கம். ஏகாம்பரத்துக்குத் தலை வாரிவிட்டாள், வண்டிக் கதையெல்லாம் பேசச் சொல்லிக் கேட்டாள், இருபது வருஷத்தில் சாயங்காலம் ஒருநாள்கூட வீட்டில் இருக்காத மனுஷன் எல்லாச் சாயங்காலமும் வீட்டில் இருக்கிறான் என்று சரோஜாவிடம் சொல்லிச் சிரித்தாள். ஆனால் கட்டி அடுப்பைப் பார்த்துக் காத்திருக்கவில்லை. அது தன்பாட்டுக்கு வளர்ந்தது. அவன் உடம்பு ஒடுங்கியது, வயிறு மட்டும் ஏறியது. கஞ்சி வாயோரம் வழிந்தது. முதுகில் புண் வந்தது, புரட்டிப் படுக்கவைத்தால் அடுத்த பக்கமும் வந்தது. வலி வரும்போது துண்டைக் கடித்துக்கொள்வான், துண்டில் பல் பதிந்த இடமெல்லாம் ஓட்டையாகி, அவள் மாற்றுத் துண்டு கொடுக்க ஆரம்பித்தாள். தொண்ணூறாம் நாள் வாக்கில் அவனை ஒரு கையால் தூக்கி உட்காரவைக்க அவளால் முடிந்தது. தூக்கிவிட்டு, இவ்வளவுதானா என்று திகைத்துப்போய் நின்றாள்.

எவ்வளவு வலித்தாலும் அவன் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வெந்துச்சா என்று மட்டும் கேட்பான். தொண்ணூற்று நாலாம் நாளோடு அதையும் கேட்பதை விட்டுவிட்டான். பின்வாசல் பக்கமாகத் தலையைத் திருப்பிவைத்துக்கொண்டு சும்மா படுத்திருந்தான். அதுதான் தேசம்மாவுக்குப் பயமாக இருந்தது.

தொண்ணூற்றாறாம் நாள் காலையில் பச்சையப்பன் வந்தான். செம்பைத் தொடவில்லை. தன் சட்டியைத் துணி பிடித்து இறக்கி, ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக்குழம்பை ஊற்றினான்.

"நேத்து அவ என்னக் கேட்டா அண்ணி, நீ ருசி பாத்தியான்னு. பாத்தேன். எப்பவோ ஆயிடிச்சி," என்று சொன்னான். பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனான்.

மத்தியானம் மேளச்சத்தம் கேட்டது. இரண்டு மாதத்துக்கு மேல் சுவரில் தொங்கித் தொய்ந்துபோயிருந்த தோலை நெருப்பில் காய்ச்சி, பச்சையப்பன் தன் மனைவிக்குத் தானே அடித்தான். வேறு யாரையும் அடிக்கவிடவில்லை. சத்தம் கேட்டதும் தெருவில் எல்லாரும் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். தேசம்மா போகவில்லை. அவளுக்குப் பச்சையப்பன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கட்டினவளைக் கொன்றுவிட்டு மேளம் வேறு அடிக்கிறான் என்று அடுப்பைப் பார்த்துத் திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். பாடை தெருமுனை திரும்பும்வரை அடுப்பைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. பச்சையப்பன் அதற்காக அவளிடம் ஒருநாளும் வருத்தப்பட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் சரோஜா வந்து பால்கொழுக்கட்டைச் சட்டியை இறக்கினாள். தேசம்மாவின் முகத்தைப் பார்க்காமல்தான் இறக்கினாள். அதற்கடுத்து வாத்தியார் வீட்டுச் சட்டி. பத்து நாளில் பத்துப் பதினோரு சாவு, பூக்கடைக்காரருக்கு மாலை கட்டி மாளவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அழுதார்கள், அழுது முடித்துவிட்டு நன்றாகத் தூங்கினார்கள். பின்கட்டில் தேசம்மாவின் சட்டி மட்டும் மிச்சம் இருந்தது. சுள்ளி போட்டுவிட்டுப் போகும் பெண்கள் இப்போதும் போட்டார்கள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

நூற்றுப் பதினோராம் நாள் சாயங்காலம் அவள் வழக்கம்போல் செம்பை மொண்டுகொண்டு குனிந்தபோது ஏகாம்பரம் உள்ளே இருந்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். செம்போடு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இன்னிக்குத் தண்ணி ஊத்தாத தேசு."

"எந்தத் தண்ணி?"

"இருவது வருசம் கறி வேவ வெச்சவன் நானு. கொதி அடங்கற சத்தம் எனுக்குக் கேக்காதா?"

தேசம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். செம்புத் தண்ணீர் தளும்பி அவள் புடவையில் கொட்டியது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். முதல் நாளே தெரியும் என்றான்.

"தெரிஞ்சிகினு ஏன்யா வாயத் தொறக்கல?"

அவன் வலி ஒன்று வந்து போகக் காத்திருந்தான்.

"உனுக்குப் போதும்னு தோணற வரிக்கும் இருக்கலாம்னு பாத்தேன். உனுக்குப் போதவே இல்ல. என்னால முடியலம்மே."

அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாக இருந்த அந்தக் காலை நெடுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். பத்தொன்பது வயதில் அவனோடு வந்த நாளிலிருந்து அவன் அவளிடம் எதையும் கேட்டு வாங்கியவன் இல்லை, வண்டி வியாபாரம் இல்லாத நாளில்கூட இருப்பதைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வான். வாழ்க்கையில் ஒன்றே ஒன்று கேட்டான், அதை நூற்றுப் பதினோரு நாள் கண்ணில் காட்டிக்கொண்டு கையில் கொடுக்காமல் இருந்திருக்கிறேனே என்று தேசம்மாவுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைப் போய்த் துளசிச்செடிக்கு ஊற்றினாள்.

மறுநாள் விடிந்ததும் விறகைத் தள்ளி, தீயைக் குறைத்து, தணலில் வைத்தாள். தட்டில் சூடேறிய தண்ணீரை மட்டும் அவ்வப்போது சாய்த்தாள். கறி அவளை ஒருநாளும் ஏமாற்றியதில்லை, அவள்தான் அதை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்கெல்லாம் ஜவ்வு உருகி, குழம்பு கையில் ஒட்டும் பதத்துக்கு வந்தது. மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு இறக்கினாள். கரண்டியால் தொட்டதும் ஒரு துண்டு தன்பாட்டுக்குப் பிரிந்தது. அதுவரைக்கும் மூன்று தெருவுக்கு அடித்துக்கொண்டிருந்த வாசம் அப்படியே சுருங்கி அந்த வீட்டுக்குள் வந்து அடைந்ததாகச் சொல்கிறார்கள். சுவர் ஓரமாகத் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையை உதறி, எழுந்து முன்வாசலுக்கு வந்து நின்றார்கள். கவுஸ் பாய் கடையை மூடிவிட்டு வந்தார். பச்சையப்பனும் வந்து, மேளத்தை எடுத்துவராமல் வெறுங்கையோடு ஓரமாக நின்றான்.

தேசம்மா ஏகாம்பரத்தைத் தூக்கித் தன் மார்பில் சாய்த்து உட்காரவைத்து, ஒரு துண்டை எடுத்து ஊதி அவன் நாக்கில் வைத்தாள். ஒரு வாய்க் கஞ்சி இறங்காத தொண்டையில் அது இறங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கெண்டைக்கறி இவ்வளவு ருசியா இருக்கும்னு தெரியாம வண்டியில தொடைக்கறி வித்துனு இருந்தேன் பாரு என்றான். வாசலில் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார், அவருக்குப் பக்கத்தில் நின்றவர் அழுதார்.

இரண்டாவது துண்டு கொடுத்தாள், மூன்றாவது கொடுத்தாள். மூன்றாவது துண்டின்போதுதான் கவனித்தாள். நாக்கில் வைத்ததும் கரைந்துபோகிற கறி, பல்லுக்கே வேலை இல்லாத கறி, அதை அவன் மென்றுகொண்டிருந்தான். தாடை எலும்பு தெரியத் தெரிய, வலியில் நெற்றி வேர்க்க வேர்க்க, இல்லாத ஒன்றை விடாமல் மென்றான். வாயில் ஒன்றும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவனுக்காக மென்றிருந்தால் ஒரு துண்டோடு நிறுத்தியிருப்பான். அவன் அவளுக்காகத்தான் நேரம் கடத்துகிறான் என்று தேசம்மாவுக்குப் புரிந்தது. அவளும் அவசரப்படுத்தவில்லை. அடுத்த துண்டை ஊதுகிறேன் என்று அது ஆறிய பிறகும் ஊதிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் போய், வெயில் வாசற்படியை விட்டு எதிர்வீட்டுச் சுவருக்கு ஏறியது. ஷூ கம்பெனிப் பெண்கள் வேலை முடிந்து வந்து கூட்டத்தோடு நின்றார்கள். முப்பது துண்டு ஆனது, முப்பத்தைந்து ஆனது. நடுவில் ஒருதரம் அவன், வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்காதே, நீயே போடு, உன் கைக்குழம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றான். அவள் சரி என்றாள். இன்னொரு தரம் அவன் மோவாயில் வழிந்த குழம்பை அவள் துடைத்துவிட்டாள்.

நாற்பதாவது துண்டை அவன் வாயில் வைத்தபோது சட்டி காலி. அவன் அதை மெல்லவில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டான்.

நேரம் போனது. கன்னம் ஒரு பக்கம் சின்னதாகப் புடைத்திருக்க, அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வலி வந்தது. கடித்துக்கொள்ளத் துணியை நீட்டினாள், வாயைத் திறந்தால் கறி இறங்கிவிடும் என்று தலையை ஆட்டினான். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வலி போனது. மறுபடி வந்தது. கறி அப்படியே கன்னத்தில் இருந்தது, கரையாமல். வாசலில் நின்றவர்கள் யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. அவன் வைத்திருந்தால் அது இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். இன்னொரு நூற்றுப் பன்னிரண்டு நாளுக்கு வேண்டுமானாலும் அப்படியே வைத்திருப்பான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இல்லாவிட்டால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தாலே போதும்.

எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள். தேசம்மா குனிந்து, அவன் காதோரம் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். புடைத்திருந்த கன்னத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது.

"போதும்யா," என்றாள். "முழுங்கிடு."

அவன் முழுங்கினான். அவள் முந்தானையை எடுத்து அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.